தொடை எலும்புக்கு ரோஜா மாலை

ஜூலை 8, 2025, செவ்வாய்

இந்த வருடமும் இல்லை. அதே நாற்காலி, அதே மின்விசிறி, அதே பதில்.

“அரியலூரா? பொம்பளைப் பிள்ளைங்களை அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போயி கல்லைக் காட்டப் போறியா? ஏன்மா, ஆம்பூர்ல கல்லு இல்லையா?”

சொன்னவர் எங்கள் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் ரஷீத் அஹமது சாஹிப். அவருக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று, பெண்கள் பள்ளி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறார். என் கணவர் வக்கார் அங்கே ஃபினிஷிங் சூப்பர்வைசர், நான் இங்கே விலங்கியல் டீச்சர். ஆக, குடும்பத்தோடு அவர் தொட்டியில்தான் ஊறிக்கொண்டிருக்கிறோம்.

கல் இல்லை சார், கல்லாகிப்போன எலும்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு போன் வந்துவிட்டது. அவருக்கு எப்போதும் சரியான நேரத்தில் போன் வரும்.

ஜூலை 11, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் நீள்கழுத்து டைனோசர் வரைந்தேன். காலும் வயிறும் பெரிதாகப் போட்டுவிட்டேன். கழுத்துக்கு இடம் போதவில்லை. பலகையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, திருக்குறள் எழுதும் பலகையில் போய்த் தலை முடிந்தது. வாலை வரைந்திருந்தால் தலைமையாசிரியை அறைக்குள் போயிருக்கும்.

“டீச்சர், யாரும் பாக்கல. அப்புறம் எப்படி இவ்ளோ பெருசுன்னு தெரியும்?” என்று ஒருத்தி கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். கால் எலும்பைப் பார்த்துத்தான் என்றேன். அது எவ்வளவு தடிமன் என்று தெரிந்தால் எவ்வளவு பாரம் சுமந்தது என்று கணக்குப் போடலாம். கழுத்து எலும்புக்குள் காற்றறைகள், அதனால்தான் அத்தனை நீளத்தையும் தூக்க முடிந்தது. மெல்லவே மெல்லாது. கிடைத்ததை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். (வக்கார் ஞாபகம் வந்தது. வகுப்பில் சொல்லவில்லை.)

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்ததைப் பற்றியும் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். உலகத்திலேயே பெரிய விலங்காகக்கூட இருந்திருக்கலாம் என்கிறார்கள். நம்முடையது! தமிழ்நாட்டுக்காரர்! ஆனால் அந்த எலும்புகள் இப்போது இல்லை. மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப் பொடியாகிவிட்டன. படமும் அளவும்தான் மிச்சம். அது எலும்பே இல்லை, மரம் என்று சொன்னவர்களும் உண்டு.

எம்.எஸ்சி. படித்தபோது எங்கள் வகுப்பு அரியலூருக்கு டூர் போனது. அதே நாளில் எனக்குப் பெண் பார்க்கும் சடங்கு. எல்லோரும் டைனோசர் பார்க்கப் போனார்கள், என்னைப் பார்க்க வக்கார் வந்தார். பதினாறு வருடமாக அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டவளாகவே இருக்கிறேன். சிரிப்பாகச் சொல்லிச் சொல்லி, அது வலிக்கிறது என்பதையே மறந்துவிட்டேன். இன்று வலித்தது.

ஜூலை 19, சனி

வக்கார் சாப்பாட்டுக்கு வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஜஹீரா! உன் ஆளு கிடைச்சுட்டாரு!”

எந்த ஆளு?

“டைனோசரு! எங்க கம்பெனியிலயே!”

விஷயம் இதுதான். பழைய சுண்ணாம்புத் தொட்டிகள் இருந்த இடத்தில் புதிதாகக் கழிவுநீர்த் தொட்டி கட்டக் குழி தோண்டுகிறார்கள். ஜேசிபி ஓட்டும் கோபி ஒரு பெரிய எலும்பைத் தூக்கிவிட்டான். ஆள் உயரத்துக்கு மேல், வெள்ளையாக, ஒரு முனை மட்டும் குண்டாக — அச்சு அசலாகத் தொடை எலும்பு. ரஷீத் சாஹிப், “வக்காரைக் கூப்பிடு, அவன் பொண்டாட்டி அந்தப் படிப்புதானே” என்றிருக்கிறார். என் படிப்புக்கு வந்த மரியாதையைப் பாருங்கள், அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“நீங்க என்ன பண்ணீங்க?”

“ஒரு சிலாம்பு எடுத்துக் கொளுத்திப் பாத்தேன். முடி பொசுங்குற வாடை! சந்தேகமே இல்ல. ஒரிஜினல்.”

இந்த ஊரில் எவர் கையில் எதைக் கொடுத்தாலும் ஓரத்தைக் கொளுத்திப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் நெடி வந்தால் ரெக்சின், முடி பொசுங்கினால் அசல் தோல். என் கல்யாணத்துக்கு வந்த கைப்பைக்கே அந்தக் கதிதான் ஆனது. அதே சோதனையை டைனோசருக்கும் நடத்தி, அதில் டைனோசர் பாஸாகியும்விட்டது.

ஜூலை 20, ஞாயிறு

பார்த்துவிட்டு வந்தேன். கட்டை.

தொட்டதும் தெரிந்தது. புதைபடிவம் என்றால் கல். கல் எங்கேயாவது எரியுமா? எரிந்தது என்றால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. போதாததற்கு ஆம்பூரின் பாறை எந்த விலங்குக்கும் முந்தியது, இங்கே டைனோசர் கிடைக்க வழியே இல்லை. தோல் உருட்டும் பெரிய மர டிரம்மைத் தாங்கிய தூணாக இருக்கவேண்டும். சுண்ணாம்பிலும் முடியிலும் கொழுப்பிலும் எத்தனையோ வருடம் ஊறிக் கிடந்திருக்கிறது. அதைக் கொளுத்தினால் முடி வாடை வராமல் மல்லிகை வாசமா வரும்?

சொல்லியிருக்கலாம். சுற்றி முப்பது பேர். வக்கார் நடுவில் நின்று கொளுத்திய கதையை ஐந்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “அளந்து பாத்துட்டுச் சொல்றேன் சார்” என்றேன்.

ஜூலை 24, வியாழன்

ரஷீத் சாஹிப் கூப்பிட்டு அனுப்பினார். முதல் தடவையாக உட்காரச் சொன்னார், டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது — அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

“பாரும்மா. ஆகஸ்ட் பதினஞ்சு கொடி ஏத்தும்போது எலும்பை ஸ்கூல்ல வைக்கிறோம். நீ மேடையில நாலு வார்த்தை பேசணும். இது டைனோசர் எலும்புதான்னு.”

தொண்டையில் பிஸ்கட்.

“அப்புறம் உன் அரியலூர். பஸ் நான் தர்றேன். டீசல் போட்டுத் தர்றேன். போதுமா?”

போதுமா? யா அல்லாஹ். பதினாறு வருடம் கழித்து அந்தப் பஸ் என் எதிரிலேயே வந்து நிற்கிறது. ஏறுவதற்கு ஒரு பொய் டிக்கெட்.

“சரி சார்” என்று சொன்னது என் வாய்தான்.

ஆகஸ்ட் 2, சனி

பேப்பரில் வந்துவிட்டது. ‘ஆம்பூரில் ராட்சத எலும்பு?’ கேள்விக்குறி போட்ட புண்ணியவான் யாரோ நன்றாக இருக்கட்டும்.

ஊரே பைத்தியமாகிவிட்டது. பிரியாணிக் கடையில் இந்த ஒரு தொடைக்கு எத்தனை டேக்சா, அதாவது எத்தனை அண்டா பிரியாணி வரும் என்று பட்டிமன்றம். வாணியம்பாடிக்காரர்கள் பொறாமையில் தங்கள் ஊரிலும் எங்கெங்கோ தோண்டுவதாகக் கேள்வி. தொட்டுக் கும்பிட வந்த ஒரு பாட்டியை வாட்ச்மேன் செருப்பைக் கழற்றச் சொன்னானாம்.

எங்கள் விளையாட்டு டீச்சர் சவுரியம்மாள் மட்டும் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். “இன்னா ஜஹீரா, மூஞ்சி பேஜாரா இருக்குது? நிஜமாவே அது எலும்புதானா?”

“ஆராய்ச்சி போய்ட்டு இருக்குது.”

“எங்க போய்ட்டு இருக்குது? அரியலூருக்கா?”

இவளிடம் ரகசியம் பேசுவதும் மைக்கில் பேசுவதும் ஒன்றுதான். ஆனால் இவளுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது, என்ன செய்ய.

ஆகஸ்ட் 9, சனி

வக்கார் கண்ணாடி முன்னால் நின்று பேட்டி கொடுத்துப் பழகுகிறார். “முதல்ல வாடையை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம்…” பதினைந்தாம் தேதிக்குப் புதுச் சட்டை எடுத்திருக்கிறார். தொழிற்சாலையில் இவ்வளவு வருடத்தில் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது டீக்கடையில் இடம் போட்டு உட்கார வைக்கிறார்களாம்.

இவரிடமாவது சொல்லலாம். சொல்லலாம் சொல்லலாம் என்று மூன்று தடவை அவர் பின்னால் போய் நின்றேன். மூன்று தடவையும் காலரைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எலும்பைப் பள்ளிக்குக் கொண்டுவந்து தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். சுண்ணாம்பு உரிந்தது. குண்டு முனைக்குக் கீழே துருப்பிடித்த போல்ட் ஒன்று தலையைக் காட்டுகிறது.

போல்ட்!

ரஷீத் சாஹிப் குனிந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இப்போது சொல்வார், ‘அடச்சே, கட்டை’ என்பார், நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, “ரோஜா மாலை பெருசா சொல்லு. இந்த இடத்துல நல்லா விழுற மாதிரி” என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இது முழு டிரம் தூணை மாலையில் மறைப்பது. அந்தச் சோற்றைப் பரிமாறப்போவது நான்.

பேச்சை எழுதிவிட்டேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ‘இதைப் பார்க்கும்போது டைனோசர் நினைவுக்கு வருகிறது.’ வருகிறதுதானே? எனக்கு எதைப் பார்த்தாலும் வருகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

கொடி ஏற்றியாயிற்று, மிட்டாய் கொடுத்தாயிற்று. மேஜைமேல் பச்சை விரிப்பில் எலும்பு, கழுத்தே இல்லாததற்கு மாலை. பின்னால் பேனர்: ‘ஆம்பூர் டைனோசர். உறுதி செய்தவர்: ஜஹீருன்னிசா எம்.எஸ்சி.’ என் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பேரை அவ்வளவு பெரிதாகப் பார்த்தது இன்றுதான். முன்வரிசையில் புதுச் சட்டையில் வக்கார்.

காகிதத்தைப் பிரித்தேன். “அன்பார்ந்த…” என்று ஆரம்பித்ததும் என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மொத்தமாக நோட்டைத் திறந்தார்கள். யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் எழுதவேண்டும் என்று நான்தான் பழக்கினேன். எல்லோர் கையிலும் பேனா. நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளப் போகிறார்கள், அதை வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லப் போகிறார்கள்.

என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

“எழுதிக்கங்க” என்றேன். “புதைபடிவம் எரியாது. எரிஞ்சா அது புதைபடிவம் இல்ல.” போய் மாலையைத் தூக்கினேன். “இன்னொண்ணு. டைனோசருக்கு போல்ட் கிடையாது.”

பேனாக்கள் ஓடின. அந்தக் கடைசி வரியையும் எழுதிக்கொண்டார்கள், கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. வாயைப் பொத்திய சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. யாரென்று பார்த்தால் ரஷீத் சாஹிபின் மனைவி அக்தரி பேகம்! அவர் ஆரம்பித்து வைத்தார், திடலே சிரித்தது. சாஹிப் எழுந்தார், யாரையும் பார்க்கவில்லை, காரில் ஏறினார். ஜும்மா தொழுகைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

வக்கார் சிரிக்கவில்லை. புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

பஸ் போயிற்று. இது தெரிந்தேதான் செய்தேன். ஆனாலும் போயிற்றே.

ஆகஸ்ட் 16, சனி

வக்கார் பேசவில்லை. மெல்லாமல் விழுங்கிவிட்டு எழுந்து போகிறார். என்னால் தாங்கமுடியவில்லை.

“தொழிற்சாலையில ரொம்பக் கிண்டல் பண்றாங்களா?”

“பண்ணா பண்ணட்டும். கொளுத்துனது நான்தானே.” கை கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார். “உனக்கு அன்னிக்கே தெரியுமில்ல? என் கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே ஜஹீரா. நான் உன் பஸ்ஸை இன்னா பிடுங்கிக்கப் போறேனா?”

இவர் சந்தோஷத்தைக் கெடுக்கவேண்டாம் என்று பார்த்தேனா, என் பஸ்ஸைக் காப்பாற்றப் பார்த்தேனா? இரண்டும்தான். இரண்டாவதுதான் ஜாஸ்தி. சொன்னேன், அழுகையும் வந்துவிட்டது. அவர் ஈரக் கையோடு நின்று பார்த்தார்.

“அந்த டூர் நாள்ல பொண்ணு பாக்க வந்தது எங்க அம்மா குறிச்ச தேதி. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அடுத்த வாரம் வந்திருப்பேன்” என்றார்.

மடையன். பதினாறு வருடமாக இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். வேலை போகிறது என்று நினைத்துச் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டே போனேன். சாஹிபுக்குப் பக்கத்து நாற்காலியில் அக்தரி பேகம். எல்லோரும் அவரை ஆபா என்றுதான் கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம். சாஹிபே சில நேரம் தவறி அப்படிக் கூப்பிடுவார்.

“உக்காரு. உன் அரியலூர்ல இருக்கறதாவது எலும்பா, இல்ல அதுலயும் போல்ட் இருக்குதா?” என்றார் சாஹிப்.

இதை என்னிடம் யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நாலு வாரம் உண்மையை முழுங்கி முழுங்கித் தொண்டை புண்ணாகியிருந்தது.

“மியூசியத்துல நத்தை, சிப்பி, மத்ததெல்லாம் இருக்கும் சார். ஆனா அந்தப் பெரிய டைனோசரோட எலும்பு இல்ல. மழையில கரைஞ்சு போச்சு. இருந்த இடம்தான் இருக்குது.”

சாஹிப் ஒவ்வொரு விரலாக மடக்கினார். “அதாவது, நான் இருக்குதுன்னு சொன்ன எலும்பை நீ இல்லன்னு சொன்னே. இப்ப இல்லாத எலும்பைப் பாக்க என் பஸ்ஸைக் கேக்கறே.”

“ஆமா சார்.”

ஆபா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். முந்தானை நனைய, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நானும் போறேன். ஹஜ்ஜுக்கும் வேலூர் ஆஸ்பத்திரிக்கும் தவிர நான் எங்க போயிருக்கேன்? கரைஞ்சு போனதாவது பாத்துட்டு வர்றேன்” என்றார்.

“நீ எதுக்கு?”

“நீங்க கட்டைக்கு மாலை போட்டீங்களே, அது எதுக்கு?”

நல்லவேளையாக அவருக்குப் போன் வந்தது. ஆச்சரியம், எடுக்கவில்லை.

“ஊர்ல என்னைக் கட்டை சாஹிப்ங்கறாங்க” என்றார் என்னைப் பார்க்காமல். “நிஜ டைனோசர் ஊருக்கே போய்ட்டு வந்தவன்னு ஆகட்டும். காலையில போய் அன்னிக்கே திரும்பணும். நானும் வருவேன்.”

சாப்பாட்டுப் பையை அங்கேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நாளை. வக்கார் என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார். “அங்க எதையாச்சும் பாத்தா கொளுத்திடாதே” என்றார்.

செப்டம்பர் 13, சனி

விடியற்காலை ஃபஜ்ர் தொழுது முடித்ததும் புறப்பட்டோம். டைனோசரைப் பார்க்கப் போனாலும் ஆம்பூர்க்காரர்கள் பிரியாணியை விடமாட்டார்கள் — டிரைவருக்குப் பின்னால் ஒரு டேக்சா, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் ஒரு தூக்கு வேறு. திருவண்ணாமலை தாண்டுவதற்குள் பஸ் முழுக்க வாசம். சாஹிப் முன்சீட்டில் குடையை ஊன்றிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். யாரும் எதிலும் சாயக்கூடாது, எட்டிப்பார்க்கக்கூடாது, பாடக்கூடாது. பின்சீட்டில் ஆபா பாட ஆரம்பித்ததும் அந்தச் சட்டம் காலாவதியானது.

மியூசியத்தில் கல்லாகிப்போன சிப்பிகளையும் சுருள் நத்தைகளையும் பார்த்தோம். ஒருத்தி முகர்ந்து பார்த்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளை, வேறென்ன செய்வாள்.

கல்லமேட்டுக்கு வழி கேட்டு, தப்பான இடத்தில் திரும்பி, மறுபடி கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். ஒன்றும் இல்லை. வெறும் காடு. செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் முள்ளும் நாலு ஆடும். ஆடு மேய்த்தவரிடம் சாஹிப், “இங்கதானே டைனோசர்?” என்று கேட்டார். “எனக்குத் தெரிஞ்சு ஆடுதான்” என்றார் அவர்.

பெண்கள் என்னையே பார்த்தார்கள். இதற்காகவா என்று சாஹிப் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். இங்கே வந்து நின்றால் தானாக ஏதாவது வார்த்தை வரும் என்று நம்பியிருந்தேன். வரவில்லை.

சவுரியம்மாள்தான் காப்பாற்றினாள். நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கும் டேப்பைக் கொண்டுவந்திருந்தாள். முதலில் இரண்டு மீட்டரைத் தரையில் கோடு கிழித்தோம்: முழங்காலுக்குக் கீழே இவ்வளவு. ஆபா அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தார், படுத்தால் தேவலை என்று சவுரியம்மாள் சொல்ல, யாரும் எதிர்பார்க்காதபடி படுத்தேவிட்டார். அவருக்குத் தலைக்கு மேலும் கோடு போனது. “இது வெறும் முழங்காலுக்குக் கீழயா!” என்று கத்தினார். அதற்கு மேல் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அப்புறம் முழு விலங்கு. நீளம் யாருக்கும் சரியாகத் தெரியாது, முப்பத்தைந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், இன்னும் ஜாஸ்தி என்பவர்களும் உண்டு என்றேன். டேப்பை இழுத்து இரண்டு முனையிலும் கல் வைத்தோம். எல்லோரும் கையை விரித்து, விரல் கோத்து நின்றோம். நான் தலை. எனக்குப் பின்னால் கழுத்துக்கே ஏழெட்டுப் பெண்கள். வயிற்றில் ஆபாவும் சவுரியம்மாளும். நான் திரும்பிப் பார்த்தேன், அது வளைந்து வளைந்து முள்ளுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. சந்தோஷம்தான், வேறு பெயர் எதற்கு. பதினாறு வருடம் தாமதமாக வந்தாலும் பஸ் என்னை ஏற்றிக்கொண்டது.

கடைசிக் கல்லுக்குக் கொஞ்சம் தூரத்தில் ஆள் தீர்ந்துவிட்டது. வயிற்றிலிருந்து ஆபாவின் குரல்:

“ஏங்க! இங்க வாங்க! வாலு பத்தல!”

சாஹிப் பஸ் நிழலில் நின்றிருந்தார். அவ்வளவு தூரத்தில் எனக்கு முகம் தெரியவில்லை. டிரைவரைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். அப்புறம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் நடந்தார். கடைசிப் பெண் துப்பட்டாவின் நுனியை நீட்டினாள், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். மறுகையில் இருந்த குடையைக் கல்லை நோக்கி நீட்டினார்.

எட்டியதா இல்லையா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. அங்கே கிளம்பிய சேதி ஒவ்வொரு வாயாகத் தாண்டி வந்தது. வயிற்றைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்தில் ஏறி, கடைசியாக என் கையைப் பிடித்திருந்த பெண் காதருகில் சொன்னாள்.

“வால் வந்துடுச்சு டீச்சர்.”